அக்கா மரியாதை கொடுத்த வாரம்

என் பெயர் எருமை. வீட்டில் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தில், இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன் எருமைதான். "ஏய் எருமை, நின்னுக்கிட்டே தூங்காம அடுத்த போர்வையை விடுடா!" என்று அக்கா கத்தினால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

அக்கா எங்கள் எல்லாருக்கும் அக்கா. சலவைக்கூடம் அவள் பொறுப்பு. ஆள் என்னவோ அழுக்குத்துணிக் கூடை உயரம்தான். பெரிய வாஷிங் மெஷின்கள் எல்லாம் ஒன்றாகச் சுற்றும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. அதையும் தாண்டி அக்காவின் குரல் மட்டும் விழும். மடிக்கிற பெண் அவளுக்குக் கழுதை. தள்ளுவண்டி தள்ளுகிற பையன் குரங்கு. கிழிசல் தைக்கிற அம்மாள், அக்காவைவிட வயதில் மூத்தவர், அவரும் தப்பவில்லை. அவர் பிசாசு. பின்வாசல் கேட்டில் காவலுக்கு நிற்கும் சொந்தப் புருஷன் சனியன். "இருங்கடா, சனியனுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வரேன்" என்று மதியம் டிபன் கேரியரோடு கிளம்புவாள். தன் பங்கிலிருந்து பாதியை எடுத்து அதன் மேல்தட்டில் வைத்திருப்பாள். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மாத்திரையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தவள், வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எருமைக்குக் காய்ச்சலாமே! மழையில நனையறதுதானே எருமைக்கு வேலை, அதுக்கு எப்படிடா காய்ச்சல் வரும்?" பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்தார். அவரைப் பார்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. திட்டு வாங்குகிற நான் சும்மா இருக்கும்போது இவருக்கு என்ன வந்தது?

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்தப் புது அம்மாள் வேலைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். வந்த அன்றைக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. தலையணை உறை மடிக்கும் வேலையைக் கொடுத்தாள் அக்கா. "இப்படி உட்காருங்கம்மா. ஒண்ணும் அவசரம் இல்லை, மெதுவாப் பண்ணுங்க" என்றாள். நானும் குரங்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் நாள்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. எங்களைத் திட்டிக்கொண்டே வருகிற குரல், அந்த அம்மாளின் மேசைக்கு வந்ததும் பூனைபோல் நடக்கும். "நல்லா மடிச்சிருக்கீங்கம்மா." அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொள்வார்.

இதற்கிடையில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. வந்ததும் தளத்துக்குத் தளம் 'கனிவாகப் பேசுவோம்' என்று பலகை மாட்டினார். ஒரு நாள் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என் மேல புகார் வந்திருக்காம். இங்க யாரோ போய் அழுதிருக்காங்க. நான் எல்லாரையும் மிருகம் பேரு சொல்லிக் கூப்பிடறேனாம். இன்னொரு வாட்டி காதுல விழுந்தா வேலையை விட்டே அனுப்பிடுவாராம்."

நாங்கள் வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றோம். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, மெஷினைப் போடுங்க" என்றாள்.

எனக்குப் பின்னால் யாராவது டாக்டர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. "தயவுசெஞ்சு இதை மறுபடி மடிக்கிறீங்களா?" என்று கழுதையிடம் அக்கா கேட்டாள். கழுதை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிருச்சு, அதான் அக்கா இப்படிப் பேசுறாங்க." குரங்கு வேறு இடத்தில் வேலை தேட ஆரம்பித்தான். பிசாசு ஊசியைத் துணியில் குத்துவதற்குப் பதிலாக விரலில் குத்திக்கொண்டார். நான் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கருக்கிவிட்டேன். அதைப் பார்த்து அக்கா, "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஏழாம் நாள் பின்வாசலில் அவள் புருஷன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மாப்ளே, மறைக்காம சொல்லு. எனக்கு ரத்தம் எடுத்தாங்களே, ரிப்போர்ட் வந்துருச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா?"

"வந்துருச்சு. உங்க அக்கா பார்த்துட்டா. இல்லைன்னா ஏன் 'சாப்பிட வாங்க'ங்கிறா? கல்யாணம் ஆனதுலேருந்து என்னை ஒரு 'வாங்க' சொன்னதில்லைடா அவ. நேத்து 'தூங்குங்க'ன்னு விளக்கை அணைச்சா. எனக்கு எங்கே தூக்கம் வரும்? டாக்டர்கிட்டயே போய், இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு கேட்டுட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். அவருக்கும் அவ சொல்லி வச்சிருப்பா."

நான் நேராக அக்காவிடம் போய், வீட்டிலாவது பழையபடி பேசக் கூடாதா என்று கேட்டேன். "முடியலைடா எரு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாக்கு ஒண்ணுதானேங்க இருக்கு. வீட்டுல அவிழ்த்து விட்டா இங்கேயும் அவிழ்ந்துக்குது. இப்படியே வாயைக் கட்டிக்கிட்டு என்னால காலம் தள்ள முடியாது. மாசக் கடைசியோட நின்னுக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா இல்லாத சலவைக்கூடத்தில் எனக்கு என்ன வேலை? அங்கே நான் யார்? சம்பளச் சீட்டில் இருக்கிறவனா? கூடத்தின் நடுவில் நின்று, "புகார் சொன்னது எவன்? இல்லை, எவ? தைரியம் இருந்தா முன்னாடி வந்து சொல்லட்டும்!" என்று கத்தினேன்.  வாசல் வழியாக வந்து நின்றது மேனேஜர்தான்.

"என்ன சத்தம்? இப்பவும் மரியாதைக் குறைவாப் பேச்சு நடக்குதா?" என்று அக்காவைப் பார்த்தார்.

"நான் இல்லைங்க சார். இந்தத் தம்பிதான் பேசினாரு" என்றாள் அக்கா. தம்பியாம், பேசினாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தலையணை உறைகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் புது அம்மாள் எழுந்து நின்றார். "நான்தான் சார் புகார் சொன்னேன்."

எல்லாரும் திரும்பினோம். மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா. நான்தான் நடவடிக்கை எடுத்துட்டேனே" என்றார்.

"நீங்க என்னை முழுசாச் சொல்ல விட்டாத்தானே சார்? 'எல்லாரையும் கழுதை, எருமை, குரங்குன்னு கூப்பிடறாங்க'ன்னு சொன்னேன். அழுகை வந்துருச்சு. உடனே நீங்க, புரியுதும்மா, நான் பார்த்துக்கறேன்னு தண்ணி குடுத்து அனுப்பிட்டீங்க. மீதியை நீங்க கேக்கவே இல்லை."

"மீதி என்னம்மா?"

"என்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாங்க சார்! வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் 'உட்காருங்கம்மா, மெதுவாம்மா'தான். நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு ஆட்டுக்குட்டின்னாவது கூப்பிடக் கூடாதா?"

 அக்கா கையிலிருந்த போர்வையை மேசைமேல் வைத்தாள்.

"கண்ணு வீங்கிப் போய் வந்தீங்க. ஒரு சொல்லு சொன்னா உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"அவர் போனதுலேருந்து எல்லாரும் இப்படித்தான்க்கா பேசுறாங்க. என் தங்கச்சிகூடப் பாத்துப் பாத்துப் பேசுறா. வீட்டுல திட்டறதுக்கு ஒரு ஆள் இல்லை. இங்கே வந்து உங்க சத்தத்தைக் கேட்டதும், அப்பாடா, ஒரு நாளைக்கு எனக்கும் கிடைக்கும்னு இருந்தேன்."

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் நிற்பதைப் பார்த்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் முடிவு செய்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

"அடி ஊமைக்கோட்டான்! இதை என்கிட்ட சொல்ல வாயில்லை, மாடியேறிப் போய்ச் சொல்ல மட்டும் காலு இருக்கா? உன்னால ஒரு வாரமா நாக்கு துருப்பிடிச்சுக் கிடக்கேன்டி, மூதேவி! என்ன முழிக்கிறே? வந்து இந்தப் போர்வை முனையைப் பிடி!"

ஊமைக்கோட்டான் ஓடி வந்து முனையைப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் அடக்க முடியவில்லை. போர்வை கோணலாக மடிந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள். சத்தம் கேட்டு மாமா பின்வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நீ ஏன்யா வந்தே சனியனே? கேட்டை உங்க தாத்தாவா பார்ப்பாரு?"

"பிழைச்சேன்" என்று மாமா அப்படியே அழுக்குமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் என் பக்கம் நகர்ந்து, "இவங்க இப்பத் திட்டறாங்களா, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஒரு வாரமும் திட்டினாங்க சார். இப்பத்தான் நிறுத்தியிருக்காங்க."

 அவர் வேலையை விட்டு அனுப்புகிற பேச்சை எடுக்கவே இல்லை. படி வரைக்கும் போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார்.

"ஏம்மா, நான் வந்ததுலேருந்து என்னை நீங்க 'சார்'னுதானே கூப்பிடறீங்க?"

அக்கா அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை அளந்து பார்த்தாள்.

"அதுக்கெல்லாம் இன்னும் நாள் இருக்குங்க சார்" என்றாள். "பார்த்துப் போங்க."