வேலிப் பொட்டால் வந்த காற்று

கதலி வாழைப்பழம் நன்றாகக் கனிந்து தோல் கறுக்கத் தொடங்கும்போது ஒரு வாசனை எழுமே, அது மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குச் சுவாமி அறை ஞாபகம் வருமாம். எனக்கு ஒரு பச்சைக் கார்தான் வருகிறது. பெயின்ற்றை இளக்குவதற்கு ஊற்றுகிற 'தின்னர்' அச்சொட்டாக அந்த மணந்தான் மணக்கும். கிளிநொச்சியில், கண்டி வீதியோரம் இருந்த என் அப்பாவின் கராச்சில் அந்த மணத்துக்குள்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள், "உன்ரை சட்டை வாழைப்பழம் மணக்குது" என்று மூக்கைச் சுளிப்பாள். அவள் கிடக்கிறாள், எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

அப்பாவும் அவர் தம்பியும் குடியேற்றத்தில் வயல்காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். ஆனால் இரண்டு பேருக்கும் சேற்றைவிட எஞ்சின் எண்ணெயில்தான் கை ஊறிப்போயிருந்தது. ஆகவே வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீதியோரத்தில் ஒன்றாகக் கராச் போட்டார்கள். அப்பாவின் தம்பியை எங்கள் வழக்கப்படி 'குஞ்சியப்பு' என்போம். அவர் எஞ்சினும் ரயரும் பார்க்க, அப்பா பெயின்ற் அடிப்பார். பிறகு ஒருநாள் இருவரும் கொழுவிக்கொண்டார்கள். எதற்கென்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய அளவுக்குப் பெரிய காரணமாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பாகம் பிரித்துக் கொடுக்க அவர்களின் தாய்மாமன் வந்தார். சாமான்களை இரண்டு கூறாக வைப்பது, மூத்தவன் முதலில் எடுப்பது, அதுதான் முறை. பெயின்ற் அடிக்கும் கைத்துவக்கு பேச்சின்றி அப்பாவுக்கு வந்தது. காற்று அடிக்கும் கொம்பிறசர்கள் இரண்டு இருந்தன. ஒன்று பழையது, கறுத்த பெரிய தாங்கியோடு எருமைபோலப் படுத்திருக்கும். கார்களுக்குப் பெயின்ற் அடித்ததெல்லாம் அதில்தான். மற்றது ரயருக்கென்று புதிதாக வாங்கிய, முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும் சின்னச் சிவப்பு. அப்பா சிவப்பைத் தொட்டார்.

"அண்ணை, பெரிசை எடுங்கோ, துவக்குக்கு..." என்று குஞ்சியப்பு தொடங்கினார்.

மாமன் முடிக்க விடவில்லை. "காத்துக்கென்னடா பெரிசு சின்னன்? எல்லாம் ஒரே காத்துத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். அழுத்தம் காட்டுகிற முள் இரண்டிலும் ஒரே இடம்வரை ஏறியதைக் கண்ட அப்பாவும் அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். வளவின் நடுவே பனையோலை வேலி எழுந்தது. எருமை அந்தப் பக்கம் போய்ச் சைக்கிள்களுக்குக் காற்றடிக்கத் தொடங்கியது. குஞ்சியப்புவின் மகள் ரதி என் வயதுக்காரி. அவளோடு கதைக்கக்கூடாதென்று எனக்குக் கட்டளை. வேலியின் அடியில் நாய் போய்வருகிற ஒரு 'பொட்டு' இருந்தபடியால் அந்தக் கட்டளையை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

கொஞ்சக் காலம் மட்காட்டுக்கு ஒட்டு, கதவில் ஒரு கீறல் என்று சின்னச் சின்ன வேலைகளே வந்தன, சிவப்பும் சமாளித்தது. பிறகுதான் முல்லைத்தீவிலிருந்து காசிம் நானா வந்தார். கருவாடும் நெல்லும் வியாபாரம் செய்கிற மனிதர், அப்பாவின் பழைய வாடிக்கை. தன் கறுப்புக் காரைக் கிளிப்பச்சையாக்கித் தரவேண்டும், வெள்ளிக்கிழமை மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்கவேண்டும் என்றார். தனித்து நின்ற கராச்சுக்கு வந்த முதல் முழுக்கார் அது. அப்பா சோளகக் காற்றின் புழுதிக்குப் பயந்து ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு பூசைக்குப்போல ஆயத்தம் செய்தார்.

விசையை இழுத்ததும் முதலில் பனிபோல மெல்லிய பச்சைதான் வந்தது. ஒரு முழம் போகவில்லை, முள் சரசரவென்று இறங்க, துவக்கு இருமத் தொடங்கி, பச்சையைத் துளித்துளியாகத் துப்பியது. காய்ந்தபின் பார்த்தால் கதவு முழுக்கத் தோடம்பழத் தோல்போலப் புள்ளிபுள்ளியாய்ச் சொரசொரப்பு. கையை எடுத்துச் சற்று நேரம் பொறுத்தால் முள் பழையபடி ஏறி நிற்கும்; "பார், நிறையக் காத்து நிக்குது, அதிலை பிழையில்லை" என்பார் அப்பா. நிறைந்து நிற்பது வேறு, கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர் தின்னரைக் குற்றம் சொன்னார், சோளகத்தைச் சொன்னார், கடைசியில் "நிழல் விழுது, தள்ளி நில்லடி" என்று என்னையும் சொன்னார். அரத்தாளால் தேய்த்து, திரும்ப அடித்து, திரும்பத் தேய்த்தோம். என் நகக்கண்ணெல்லாம் பச்சை. ஒவ்வொரு முறை துவக்கு இருமும்போதும் வேலிக்கு அங்கால் குஞ்சியப்புவின் சுத்தியல் சத்தம் நின்றுவிடும்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "வாயிலை என்ன கொழுக்கட்டையே? அங்காலை நிக்கிறது உங்கடை தம்பிதானே, ஒரு வார்த்தை கேளுங்கோவன்."

"கேட்டால், பிழையான கூறை எடுத்திட்டன் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லே போகும்! இந்தக் கார் சரிவராட்டில் கராச்சைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போவம். உன்ரை அப்பர் வீட்டிலை இருப்பம்."

அம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தா. வடமராட்சி ஊருக்குப் போவதென்றால் ஆனையிறவுக் கடல்நீரேரியைத் தாண்டவேண்டும். ரதி இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவாள்.

புதன்கிழமை நானா வந்து கதவைத் தடவிப் பார்த்தார். "என்னங்க, காருக்குக் கொப்புளிப்பான் போட்டிருக்கே!" என்றார் வளவெல்லாம் கேட்க. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலாட்டிச் சொல்லிப்போடுங்க. நாளைக்கு மத்தியானம் வருவன், சரியில்லாட்டி வேறை கார் பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் காரைத் தேய்த்தார்.

மறுநாள் விடிய, அப்பா சிவப்பை ஓடவிட்ட நேரம், வேலிப் பொட்டுக்குள்ளால் கறுப்பாக ஒன்று நெளிந்து வந்தது. "ஐயோ, சாரைப்பாம்பு!" என்று அம்மா குழறினா. பாம்பு இல்லை, றப்பர்க் குழாய். அடுத்த கணம் அங்கால் எருமையின் எஞ்சின் 'டுக்கு டுக்கு' என்று அடித்தது. ஒரு முகமும் தெரியவில்லை, ஒரு குரலும் இல்லை. அப்பா அந்தக் குழாயைப் பார்த்தபடி நின்றார். வற்றாப்பளை அம்மனுக்கு என் புதுப் பாவாடையைக்கூடத் தருவதாக நான் நேர்ந்துகொண்டேன். அவர் மெல்லக் குனிந்து, சிவப்பை நிறுத்தி, அதன் குழாயைக் கழற்றி, கறுப்பைத் துவக்கில் பூட்டினார்.

துவக்கு இருமவில்லை. முன் மட்காட்டிலிருந்து அப்பா ஒரே சீராகக் கையை ஓட்டிக்கொண்டு நடக்க, வயலில் நிற்கிற தண்ணீர்போல ஈரப் பச்சை படிந்துகொண்டே வந்தது. அப்போதுதான் வேலிக்கு அங்காலிருந்து குரல் வந்தது.

"காத்துக் காணுமே, அண்ணை?"

காற்றுப் போதுமா என்று கேட்கிறார். அப்பாவின் கை ஓடிக்கொண்டே இருந்தது. கதவின் நடுவில் கையை நிறுத்தினால் அந்த இடம் தழும்பாகத் தெரியும். அது குஞ்சியப்புக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கதவின் மற்ற அந்தம்வரை அப்பாவின் கை போய்ச் சேர்ந்த நேரம் இருக்கிறதே, என் சீவியத்தில் அவ்வளவு நீண்ட நேரத்தை நான் காணவில்லை. அந்தத்தில் விசையை விட்டார்.

"காணுமடா" என்றார். "நிப்பாட்டிப் போடாதை."

குசினி வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. மத்தியானம் வந்த நானா காரில் தன் தாடியைப் பார்த்து வாரிக்கொண்டார். மாப்பிள்ளை அதில்தான் வந்து இறங்கினார். கராச்சும் பூட்டப்படவில்லை, நாங்களும் ஆனையிறவு தாண்டவில்லை. சகோதரர்கள் கூறைத் திரும்பச் சேர்க்கவுமில்லை, வேலியைப் பிடுங்கவுமில்லை. அவ்வளவு இலகுவில் இறங்கிவிடுகிற ஆட்களா அவர்கள்! குழாய் மட்டும் பொட்டுக்குள்ளேயே கிடந்தது. கார் வந்தால் எருமை அடிக்கும், கேள்வி வரும், கதவு முடிந்தபின் பதில் போகும். வேறு பேச்சு அதன் பின்னால்தான் மெல்ல மெல்ல வந்தது.

அப்பா வவுனியா ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிக் கிடந்த கடைசி நாட்களில் குஞ்சியப்புதான் பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "காத்துக் காணுமே, அண்ணை?" என்று இடைக்கிடை கேட்பார். அப்பா கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டுவார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வருவேன்.

போன மாதம் அந்த வளவைப் பார்க்கப் போனேன். யுத்த இடம்பெயர்வுகளில் சிவப்பும் எருமையும் துவக்கும் எங்கே போயினவோ தெரியாது. ரதி கடல் கடந்து போய்விட்டாள். யாரோ கண்ணாடிக் கடை கட்டியிருக்கிறார்கள். வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில், நாய்கூடப் போகமுடியாதபடி. அந்த மதிலோடு கொஞ்ச நேரம் நின்றேன். அங்காலிருந்து யாராவது காணுமே என்று கேட்டால் என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.