ஊமைச் சீடனுக்கு முதலிடம்

ஆவடியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் எதற்கும் சீனியாரிட்டி உண்டு. பெரிய வீடு யாருக்கு, தரைத்தளம் யாருக்கு, விழா மேடையில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்பது வரை அப்பாக்கள் ஃபேக்டரியில் சேர்ந்த தேதியைப் பார்த்துத்தான் முடிவாகும். ஆகவே விண்வெளிப் படத்து வில்லனின் சீடர்களில் யார் உசத்தி என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை முற்றியபோது, நான் லிஸ்ட் போட உட்கார்ந்ததில் வியப்பில்லை. அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அந்தப் படங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் தமிழ் பேசும். அணைந்துபோன நட்சத்திரம் ஒன்றில் உட்கார்ந்தபடி கிரகங்களைக் கொளுத்திக்கொண்டிருக்கும் கிழட்டு வில்லன். அவனுக்கு நான்கு சீடர்கள். வாயில் நுழையாத பெயர்களைத் தள்ளிவிட்டு நாங்களே பெயர் வைத்திருந்தோம். பனிக்காரி தொட்டால் கடல் உறைந்துவிடும். வெண்கலத் தொண்டை ஒரு கத்துக் கத்தினால் கப்பல்கள் உதிரும். ஓடிப்போனவன், குழந்தைகள் இருக்கும் கிரகத்தைக் கொளுத்த மாட்டேன் என்று இரண்டாம் படத்திலேயே குருவை விட்டுப் போனவன். ஊமைச் சீடன் முதல் படத்திலிருந்தே குருவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவன். கதவு திறப்பான், மூடுவான். வசனமே கிடையாது.

அண்ணன் வெண்கலத் தொண்டை கட்சி. "அவன் ஒருத்தனே மூணு கிரகத்த முடிச்சிருக்கான். உன் ஊமை என்ன கிழிச்சான்?" என்பான். எனக்கு இந்த வீரதீரமெல்லாம் கணக்கில்லை. யார் முதலில் சேர்ந்தார், யார் லீவு போடாமல் வேலை பார்த்தார் என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஊமை முதலிடம். ஓடிப்போனவன் நடுவில் விட்டுப் போனதால் பிரேக் இன் சர்வீஸ். எனவே கடைசி.

நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து, "குருவின் சீடர்கள்: சீனியாரிட்டி லிஸ்ட்" என்று தலைப்பிட்டு, கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். ஊமைக்கு எதிரே குறிப்பு: "சேர்ந்த நாள் முதல் விடுப்பு இல்லை. குரு செய்யும் அநியாயம் அத்தனையும் அருகில் நின்று பார்த்தவர். வாய் திறந்ததில்லை." கடைசியில், உண்மையான லிஸ்டில் பார்த்ததை அப்படியே காப்பியடித்தேன்: "இது தற்காலிகப் பட்டியல். ஆட்சேபணை உள்ளோர் ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்." மாடிப்படி அடியிலிருந்த நோட்டீஸ் போர்டில், தண்ணீர் வரும் நேர அறிவிப்புக்குப் பக்கத்தில் குத்திவிட்டு வந்தேன். சினிமாச் சமாச்சாரம் என்று எழுதத் தோன்றவில்லை. இந்தச் சீடர்களைத் தெரியாதவர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பெரியவர்களுக்கு அந்த வாரம் வேறு கவலை. அப்பாவின் செக்‌ஷனில் கிரேன் சங்கிலி அறுந்து ஓர் எஞ்சின் கீழே விழுந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. பழைய சங்கிலியையே மாட்டச் சொன்னவர் ஃபோர்மேன். ஆனால் தான் சொல்லவே இல்லை, மாட்டியவன் இஷ்டத்துக்கு மாட்டினான் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாட்டியவர் பட்டாபிராம் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவின் சிநேகிதர். ஃபோர்மேன் சொன்னபோது பக்கத்தில் நின்றவர் அப்பா ஒருவர்தான். அடுத்த திங்கட்கிழமை என்கொயரி. அப்பா சொன்னால் மாமாவுக்கு வேலை நிலைக்கும், சொல்லாவிட்டால் போகும் என்று அம்மா அடுப்படியில் சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவரு வாயே தெறக்க மாட்டேங்காரு" என்றும் சொன்னாள். அப்பா பதினெட்டு வருடமாக அந்த ஃபோர்மேனிடம்தான் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட அதிர்ந்து பேசாதவர். எனக்கு வருத்தமெல்லாம், மாமா வந்தால் கூடவே வரும் மெதுவடை வரவில்லையே என்பதுதான்.

மூன்றாம் நாள் லிஸ்டில் பென்சிலில் ஆட்சேபணைகள் வர ஆரம்பித்தன. அத்தனையும் பெரியவர்கள் கையெழுத்து. "வெண்கலத் தொண்டைக்கு இரண்டாம் இடம் போதாது. ஓவர்டைம் பூராவும் அவருக்கே." "பனிக்காரி யார் என்று விளங்கவில்லை. ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இருப்பவரா?" "முதல் இடம் மிகச் சரி. ஆளைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார்கள்." எனக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் முழுக்க நம் படத்தைப் பார்க்கிறார்கள்! ஓவர்டைம் வரும் காட்சி எந்தப் படத்தில் என்று மட்டும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் பட்டாபிராம் மாமா போர்டின் முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். வீட்டுக்கு வரவில்லை, கீழே மட்டும்தான்.

"இத்த எழுதுனது நீயா பாப்பா? ஓடிப்போனவன இன்னாத்துக்குக் கடைசில போட்ட?"

"பாதியில விட்டுட்டுப் போயிட்டாரே மாமா. சர்வீஸ் கட்டாயிடும்."

"அதுவும் கரீட்டுதான்" என்று சிரித்தார். மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பா கீறாரா?" என்று கேட்டார். கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அந்த லிஸ்டை மறுநாள்தான் பார்த்தார் போலிருக்கிறது. வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, கீழ ஒட்டிருக்கது நீ எழுதுனதா?"

அண்ணன் முந்திக்கொண்டு என்னைக் கைகாட்டினான்.

"ஊமைய எதுக்கு மொதல்ல போட்ட?"

அப்பா என்னிடம் ஒரு விஷயம் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை. "குரு என்ன தப்பு பண்ணாலும் கூடவே நிக்கான்ப்பா. ஒரு வார்த்த வெளிய சொன்னதில்ல. அவன மாதிரி விசுவாசம் யாருக்கு உண்டு?" என்றேன்.

"சரிதான்" என்றார் அப்பா. பிறகு ரொம்ப நேரம் பால்கனியில் இருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லிஸ்டின் அடியில் நீல மையில், அளவெடுத்த மாதிரி எழுத்தில் ஓர் ஆட்சேபணை இருந்தது. கையெழுத்தும் தேதியும்கூட முறையாகப் போட்டிருந்தார் அப்பா. "எனக்கு முதல் இடம் வேண்டாம். ஓடிப்போனவரை மேலே கொண்டுவரவும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படத்தில் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, இவருக்கு என்ன தெரியும்? நடுவில் இவர் யார்? சிவப்புப் பேனாவை எடுத்து, அதிகாரிகள் எழுதுகிற பாணியிலேயே எழுதினேன்: "ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் இப்பட்டியலில் இல்லை." கீழே என் கையெழுத்து.

திங்கட்கிழமை என்கொயரியில் அப்பா பேசினார். என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லவில்லை. மாமாவின் வேலை தப்பியது. ஃபோர்மேன் அதற்கப்புறம் அப்பாவுக்கு ஓவர்டைம் தரவில்லை, பெரிய வீட்டுக்கான சிபாரிசும் போகவில்லை. அந்த ஒரு படுக்கையறை வீட்டிலேயே இன்னும் நான்கு வருடம் இருந்தோம். நன்றாகத்தான் இருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் மாமா வடைப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். கையில் என் லிஸ்ட், போர்டிலிருந்து பிய்த்தது. நடுக்கூடத்தில் நின்று என் சிவப்பு வரியை உரக்கப் படித்தார். "கேட்டியா அண்ணாத்தே? நீ லிஸ்ட்லயே இல்லியாம்! ஆபீசரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா அத்தனை சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படமே பாக்காம ஆட்சேபண எழுதுனா அப்படித்தான் எழுதுவேன்" என்றேன் நான் விறைப்பாக.

அப்பா அந்தத் தாளை மாமாவிடமிருந்து வாங்கினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டேன், தரவில்லை. தோற்ற கடுப்பில் ஒளித்துவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.