பூபைரா நடக்கப் போன வருஷம்

புத்தாண்டு அன்று காலை, முந்தின இரவு மிஞ்சிய சாலட்டும் குதிரை இறைச்சியும் மறுபடி மேசைக்கு வந்தன. எங்கள் எதிர்வீட்டுப் பூபைரா, எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, உட்காராமலே சொன்னாள்.

"இந்த வருஷம் நான் டீக்குச் சர்க்கரை போடப் போறதில்ல. கொழுப்பு தொடமாட்டேன். வேலை விட்டு வந்ததும் தினமும் பாலம் வரைக்கும் நடக்கப் போறேன்."

நானும் அந்த மேசையில் இருந்தேன். முதலில் சிரித்தது அவள் கணவன் அசன்குல்தான்.

"பாலத்துகிட்ட யாரு நிக்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "வாரத்துல ஒருநாளாவது பந்தி கிந்தி இல்லாம சூப்பு, ரொட்டியோட இருக்கலாம் அத்தை" என்றாள்.

ஊல்கான் கிழவி கெட்டவள் இல்லை. மருமகளைக் கடிந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. "இருக்கலாம் கண்ணு. அன்னிக்குப் பார்த்து யாராவது வந்துட்டா?" என்றாள். எங்கள் வழக்கப்படி பெற்றவர்கள் தங்கும் கடைசி மகன் வீடு அது. ஆறு பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் வந்து இறங்கும் பெரிய வீடு. அங்கே யாரும் வராத நாள் எது?

பூபைராவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் மலையூரான அத்-பாஷியின் தபால் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை. இலையுதிர் காலத்தில் டாக்டரம்மா, "சர்க்கரை எல்லைக்கு வந்தாச்சு, வாயைக் கட்டு, காலை அவுத்து விடு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பூபைராவின் அம்மாவுக்கு இதே நோயில் ஒரு கால் போயிற்று. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

மறுநாளே நடக்கக் கிளம்பினாள். நல்ல பனி. தெருமுனை தாண்டுவதற்குள் ஜெனிஷ் காரை நிறுத்திவிட்டான். அசன்குலின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன்.

"அண்ணி, எங்க போறீங்க? ஏறுங்க."

"எங்கயும் இல்ல தம்பி. சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா? இந்தக் குளிர்லயா? அண்ணன்கூட ஏதும் மனஸ்தாபமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. உடம்புக்காக."

"உடம்புக்குத்தான் சொல்றேன், ஏறுங்க. நாளைக்கு உங்க வீட்டுக்காரர் என்னைக் கேப்பாரு, என் பொண்டாட்டி ரோட்ல நடக்கிறதைப் பார்த்துட்டு நீ பாட்டுக்குப் போனியாடான்னு."

அவள் நடந்தாள். அவன் காரை அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவனுக்காகப் பாவப்பட்டு ஏறிக்கொண்டாள். அவன் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினான்.

அதற்கு அடுத்த நாள் ஒரு டிராக்டர். அதற்கும் அடுத்த நாள் என் கணவரேதான் ஏற்றிக்கொண்டு வந்தார். வார முடிவில், மினி பஸ் ஓட்டும் அசன்குலை நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறே, உன் பொண்டாட்டிக்கு மட்டும் சீட் இல்லையா?" அன்று வீட்டுக்கு வந்தவன் கோபப்படவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டான். அது கோபத்தைவிட மோசம் என்று பூபைரா என்னிடம் சொன்னாள்.

சாப்பாடு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் தேநீர்க் கிண்ணத்தில் சர்க்கரை இல்லாததைப் பார்த்து, வந்தவர்கள் தங்கள் கிண்ணத்திலும் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். "நம்ம வீட்ல சர்க்கரைக்குப் பஞ்சம்னு நினைக்கிறாங்க கண்ணு" என்று மாமியார் காதோடு சொன்னாள். நாத்தனார் கானிம் வந்தபோது ஆடு அறுத்தார்கள். கானிம் வால்கொழுப்பில் நல்ல துண்டாக எடுத்து, ஈரலோடு சேர்த்து, தன் கையாலேயே அவள் வாய்க்கருகே நீட்டினாள்.

"வேணாம் அண்ணி, டாக்டர் வேண்டாம்னு..."

"டாக்டரா உனக்கு அண்ணி? நான் பெத்த பிள்ளைக்கு ஊட்டற மாதிரி ஊட்டறேன், கையைத் தட்டிவிடுவியா?"

மேசையே அவளைப் பார்த்தது. வாயைத் திறந்தாள். அன்றைக்கு ஒன்று சாப்பிட்டதும் பிறகு எதற்கு மறுப்பது என்று எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

அதன்பிறகு சில நாள் தங்கள் முற்றத்துக்குள்ளேயே நடந்தாள். வாசல் கதவிலிருந்து மாட்டுக் கொட்டகை, கொட்டகையிலிருந்து கரிக் குவியல், மறுபடி வாசல். நாய் கூடவே சுற்றிச் சுற்றிக் களைத்துப் படுத்துவிட்டது. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மனசுக்கு ஒருமாதிரி இருக்கும்.

பிப்ரவரியில் எங்கள் தெருக் குழாய் உறைந்துபோயிற்று. பூபைரா வாளியோடு, பாலத்துக்கு அப்பால் மலையடி ஊற்றுக்குப் போனாள். ஜெனிஷ் எதிரே வந்தான். வாளியைப் பார்த்தான், தலையசைத்தான், போய்விட்டான். வாளி ஏந்திய பெண்பிள்ளையை எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவள் அன்று சிவந்த கன்னத்தோடு என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"யாருமே நிறுத்தல! அந்த மலை இவ்வளவு பக்கத்துல இருக்குன்னே எனக்குத் தெரியாது."

குழாய் சரியான பிறகும் போனாள். ஊற்றுத் தண்ணீரில் தேநீர் நன்றாக இருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிவைத்தாள். அதுதான் வினையாயிற்று. கிழவிக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னாள். ஒரு வாளி இரண்டாயிற்று. பிறகு கானிம் வீட்டுக்கும் ஒரு கேன் கேட்டு அனுப்பினார்கள். கை நரம்பு இழுத்துக்கொண்டது. தண்ணீர் தளும்பிக் காலணிக்குள் உறைந்தது. மலையை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் குனிந்தபடி வந்தாள்.

அசன்குல் பார்த்தான். அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு நாள் பயணிகள் யாரையும் ஏற்றாமல், மினி பஸ் நிறையக் கேன்களில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துவந்து முற்றத்தில் வரிசையாக இறக்கினான்.

"இனிமே நீ ஒரு அடி நடக்க வேணாம்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.

பூபைரா கேன்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவன் பயந்துவிட்டான்.

"என்னாச்சு? கை வலிக்குதா?"

"எனக்குத் தண்ணி வேணாங்க. நடக்கணும். எங்கம்மா கால் மாதிரி என் கால் போயிரக் கூடாது."

அவன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தான். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றான். அவள் புத்தாண்டு அன்றே சொன்னதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை. "சரி, நாளையிலேருந்து நானும் வர்றேன். நான் கூட வந்தா யாரு என்ன சொல்லப் போறா?"

மறுநாள் இருவரும் கிளம்பியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் புதுக் கம்பளிச் சால்வை போட்டிருந்தாள். முனைக்கடை வரைக்கும் போயிருப்பார்கள். கடைக்காரர் வெளியே வந்தார். குதிரை விலை, டீசல், யார் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. ஆண்கள் பேசும்போது விட்டுவிட்டு முன்னால் போக அவளுக்கு வராது. சற்றுத் தள்ளி, பனியில் கால் மாற்றி மாற்றி நின்றாள். பாலம் அங்கிருந்தே தெரியும்.

"அண்ணியை வெளியே நிக்கவெச்சிருக்கீங்களே, உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று கடைக்காரர் மனைவி கதவைத் திறந்தாள்.

அசன்குல் திரும்பி மனைவியைப் பார்த்தான். மறுத்தால் தப்பாகிவிடும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவள் காலணியைத் தட்டிப் பனியை உதறிவிட்டு உள்ளே போனாள். மேசையில் வெண்ணெய், ஜாம், அப்போதுதான் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகள். "சின்னதா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க" என்றார்கள். எடுத்துக்கொண்டாள்.