கால் கழுவும் கல்லை நகர்த்திய கதை

காய்ந்த மண்ணில் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரும்... கூடவே ஒரு வாசனை. அந்தக் காலத்தில் முதலமடையில் எங்கள் வாசலில் அது ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கும்.

கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. படியை ஒட்டி ஒரு பட்டைக்கல், பக்கத்தில் தண்ணீர் அண்டா, அதன்மேல் ஒரு சொம்பு. கழுவிய தண்ணீர் அப்படியே தெருப் பக்கம் ஓடி வீணாகிவிடும்.

நேற்று நம் குரூப்பில் ஒருவர், "சின்ன மாற்றத்தால் எல்லாம் வாழ்க்கை மாறுமா?" என்று கேட்டிருந்தார். மாறும். எனக்கு மாறியது. நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் கொழிஞ்சாம்பாறையில் இருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். பதினெட்டு வயசு. மழையை நம்பிய நிலம். தை முடிவதற்குள் எங்கள் கிணறு வற்றிவிடும். அப்புறம் ஊர்ப் பொதுக்கிணற்றில் இருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கு மாமரப் பைத்தியம். வீட்டு முன்னால் நாலு கன்று நட்டு, ஆடு கடிக்காமல் முள் வைத்திருந்தார். மாசி வெயிலில் நாலும் தலை தொங்கிவிட்டன. நான் ஒரு குடம் எடுத்துப் போனால் மாமனார் விடமாட்டார்.

"செடிக்கு ஊத்தற தண்ணிய மாட்டுக்கு வெச்சாப் பாலாச்சும் கெடைக்கும், அம்மிணி" என்பார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இதற்கிடையில் இடுக்கி மலையில் இருந்து இவருடைய அண்ணன் கடிதம் போட்டார். அவர் முன்பே தேயிலை எஸ்டேட்டுக்குப் போனவர். அங்கே பாக்டரியில் ஓர் இடம் இருக்கிறதாம், சித்திரை பிறந்ததும் தம்பி கிளம்பி வர வேண்டுமாம். தம்பி மட்டும். அங்கே இருப்பது ஒரே அறை, அதனால் நான் இங்கேயே இருக்க வேண்டும்.

"கன்னு பொழச்சா இருக்கறேன், இல்லீனா போறேன்" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை...

ஒரு நாள் மத்தியானம், உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து வரிசையாகக் கால் கழுவினார்கள். தண்ணீர் தெருவுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் தோன்றியது. இந்த வீட்டில் செடிக்குத் தண்ணீர் கிடையாது, காலுக்கு உண்டு. எந்தப் பஞ்சத்திலும் உண்டு.

அவர்கள் போனதும் கடப்பாரையை விட்டு நெம்பி, கல்லை உருட்டி உருட்டி முதல் கன்றின் அடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அண்டாவும் பின்னாலேயே போனது. படியில் இருந்து சரியாகப் பத்துத் தப்படி.

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ புள்ள, வாசக்கல்ல யாராச்சும் நவுத்துவாங்களா?"

"கால் கழுவத்தானுங்க அத்தை கல்லு. அங்க கழுவுனாலும் காலுதானுங்களே" என்றேன். வாய் கொஞ்சம் நீளம்தான் அன்றைக்கும்.

மறுநாள் மாமனார் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு உச்சி வெயிலில் வந்தார். பழைய இடத்தில் கல்லைத் தேடினார், இல்லை. செருப்பில்லாத காலோடு கன்று வரை நடந்து, கழுவி, திரும்ப நடந்து வந்தார். படியேறுவதற்குள் கால் மறுபடி புழுதியாகிவிட்டது. என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒரு கன்றுக்கு மட்டும் ஊற்றினால் போதுமா? ரெண்டு நாளைக்கு ஒரு கன்று என்று கல்லை நகர்த்தினேன். சீக்கிரமே இவரும் காலையில் காட்டு வேலைக்குப் போகும் முன் ஒரு கை கொடுத்தார். ஊரே சிரித்தது. "ஏனுங்க அம்மிணி, இன்னிக்குக் கல்லு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், காலைக் கழுவினால் சரி என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனியில் ஒரு கன்று பட்டுப்போனது. மற்ற மூன்றும் காய்ந்த குச்சியாகத்தான் நின்றன.

சித்திரை பிறந்தது. தகரப்பெட்டி தயாரானது. பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க இவர் விடியற்காலையில் எழுந்து, கடைசியாக ஒரு தடவை கல்லை நகர்த்திக் கொடுக்க வந்தார். இரண்டாவது கன்றின் நுனியில் செம்பு நிறத்தில் நாலு தளிர். விரல் நகம் அளவுதான். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னால் மாமனார் வந்து நின்றதே தெரியவில்லை. அவரும் குனிந்து பார்த்தார். அப்புறம் மகனிடம் சொன்னார்: "நீ போயிட்டீனா இந்தக் கல்ல ஆருடா நவுத்தறது? அம்மிணி ஒருத்தியா மாரடிப்பா? பொட்டிய உள்ள வை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்டாவில் முகத்தைக் கழுவுகிற மாதிரி சமாளித்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரும் கன்றுக்குத்தான் போனது.

மூன்று மரம் முப்பதாகி, அப்புறம் தோப்பானது. இன்றைக்கு சீசன் வந்தால் கேட் வாசலில் லாரி நிற்கிறது. போர்வெல் இருக்கிறது, மரத்துக்கு மரம் பைப் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, நேராக வந்து சோபாவில் உட்கார்கிறார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. காலம் மாறினால் காலும் அப்படித்தான்.

அந்த இரண்டாவது மரத்தடியில்தான் கல் கடைசியாக நின்றது. போன மாசம் பேரன் அதை எடுத்து வாசலில் அழகுக்குப் போடலாம் என்று கடப்பாரை கொண்டு வந்தான். அசையவில்லை. வேர் அதன்மேல் ஏறி வளைத்துப் பிடித்திருக்கிறது.

விடுடா என்றேன். அவரும் அப்படித்தான், அன்றைக்குப் பெட்டியை உள்ளே வைத்தவர், கடைசி வரைக்கும் இந்த மண்ணை விட்டு நகரவே இல்லை.