சாயத் தண்ணீர்

நேற்று கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பாட்டிலைத் திறந்து குடித்தாள். உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். என்ன செய்ய, அந்த நிறத்தைப் பார்த்தாலே எனக்குச் செல்வி ஞாபகம் வந்துவிடும்.

செல்வியும் நானும் தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குத் துணிக்கடை வேலைக்கு வந்தவர்கள். கரமனையில் ஒரு வீட்டின் பின்புறம் எங்களுக்கு ஓர் அறை. வீட்டுக்காரி ஓமனச் சேச்சி, குடிவந்த அன்றே ஒரு செம்பு நிறைய இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாங்களோ நாள் முழுக்கப் புடவையை விரித்து, “சாயம் போகாதுக்கா” என்று சத்தியம் பண்ணுகிறவர்கள். சாயம் போன துணியை அலசிய தண்ணீர் எங்களுக்குத் தெரியாதா!

“ஏட்டி, சேல அலசுன தண்ணிய நமக்குத் தாராவளே” என்றாள் செல்வி, காதோடு காதாக.

சேச்சி தலை மறைந்ததும் வாழைக்கு ஊற்றினோம். தினமும் செம்பு வரும், தினமும் வாழை குடிக்கும். நாங்கள் கிணற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்தோம். மழை பிடித்ததும் வாழை கொழுத்தது. செல்விக்கு வயிறு போக ஆரம்பித்தது. இன்றைக்குச் சரியானால் நாலாம் நாள் மறுபடி படுக்கை.

கடை மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “ஓணக் கச்சவடம் வருது, வாங்குற கூட்டம் தாங்காது. இனி ஒரு லீவு எடுத்தா நேரே ஊருக்குப் போய்க்கோ, கேட்டோ?”

ஊரில் மாமன் மகன் காத்திருந்தான். குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கிறவன். “இந்த வேல போச்சுன்னா அவனுக்குக் கெட்டி வச்சிருவாவ. என் கத முடிஞ்சிச்சுட்டி” என்று பாயில் சுருண்டு கிடந்தாள் செல்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் காட்ட? நேரே சேச்சியிடம் போய், “சாயத் தண்ணியக் குடுத்தா மனுசர் குடிப்பாவளா?” என்று கத்திவிட்டேன்.

சேச்சி முதலில் திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ மோளே! இது பதிமுகம். வெள்ளத்துல இட்டு திளப்பிச்சதாக்கும்” என்று அடுப்படிக்கே இழுத்துப்போனாள். பானையில் அந்தப் பதிமுகக் கட்டையின் சீவல்கள் தளதளவென்று கொதிக்க, சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. கொதிக்காத தண்ணீரை அவர்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லையாம்.

அன்றிலிருந்து நான் சர்வாதிகாரி. பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு இறங்கக்கூடாது. கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் முதுகில் ஒரு போடு. கடைக்கும் பாட்டிலோடு போனோம். “சாயத்தண்ணி வந்தாச்சு” என்று மற்றப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். மகிமை கட்டைக்கா கொதிப்புக்கா என்று என்னைக் கேட்காதீர்கள், கொதிப்புக்குத்தான் என்பேன். செல்வியின் வயிறு கம்மென்று அடங்கியது.

ஓணக் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது, கிண்டல் செய்தவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தார். “செல்வி, நீ பட்டுல நில்லு மோளே!” நின்றாள் பாருங்கள்! பொழுது சாயும்வரை உட்காரவில்லை, ஓணம் முடியும்வரை ஒரு லீவு இல்லை. பட்டுப் பகுதியே அவள் பொறுப்பாயிற்று. கடை நடுவில் நின்று குலவை போடலாம் போலிருந்தது எனக்கு.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. சேச்சி போய்ச் சேர்ந்தாள். துணிக்கடையையும் மூடிவிட்டார்கள். செல்வி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, சாலைக் கடைத்தெருவில் சொந்தமாகப் புடவைக்கடை வைத்திருக்கிறாள். போன வாரம், சும்மா தூங்க வேண்டும் போலிருந்தது என்று கடையைச் சாத்திவிட்டு வீட்டில் கிடந்தாள் மகராசி. ஏன் லீவு என்று கேட்க இப்போது ஒரு ஆள் கிடையாது.