தாசில்தாருக்குப் பதில் உட்கார்ந்தவர்

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் அவன் எந்தச் சர்க்கார் கச்சேரியில் உட்கார்ந்து எழுதுவான் என்பது ஒன்றுதான் கேள்வி. பாறசாலையா, நெய்யாற்றின்கரையா, யோகம் இருந்தால் திருவனந்தபுரமா. நான் திருவனந்தபுரத்துக்கே போனேன். ஆனால் எழுத அல்ல, படம் வரையக் கற்க. கொல்லயில் ஊரில் இருந்த என் அப்பா இந்த அவமானத்தை மூன்று வருஷம் வெளியே விடவில்லை. யாராவது விசாரித்தால், "அவன் சர்வே படிக்கியான்" என்று சொல்லிவிடுவார். நிலத்தை வரைந்தால் உத்தியோகம், மனிதனை வரைந்தால் ஊதாரித்தனம் என்பது அவர் கணக்கு.

அங்கே முதல் வருஷம் முழுக்க வெள்ளைச் சுதைப் பொம்மைகளின் தலையை வரைய வைத்தார்கள். மூக்கு உடைந்த சீமைத் தலைகள். இரண்டாம் வருஷம்தான் உயிருள்ள மனிதர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு வண்டிக்காரர். அவர் கழுத்து நரம்புக்கே ஒரு மாதம் ஆயிற்று. எங்களுக்கு அங்கே ஒரே சட்டம். கண்ணெதிரே இல்லாததை வரையாதே, கண்ணெதிரே இருப்பதை விடாதே. திருநீறு பூசும்போது ஐந்தெழுத்து சொல்கிற சைவக் குடும்பத்துப் பிள்ளையாகிய நான், அதற்குப் பதில் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்களை மனிதர்களாகவே மதித்ததில்லை. அந்த வயதில் கொள்கைக்குக் குறைவே கிடையாது.

இந்தக் கொள்கையோடும் ஒரு சாயப் பெட்டியோடும் ஊருக்குத் திரும்பினேன். ஊர் ஆவலோடு காத்திருந்தது. மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசுவாயா என்று ஒருவர் விளையாட்டில்லாமல் கேட்டார். இன்னொருவர் தன் மகளை வரையச் சொன்னார். அம்மைத் தழும்பையும் சேர்த்து வரைந்தேன். அந்த வீட்டில் எனக்கு அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாயிற்று. அது கிடைத்தால் நான் தொடர்ந்து வரையலாம். கிடைக்காவிட்டால் அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்த உப்புப் பண்டகசாலையில் மூட்டை எண்ணி எழுத வேண்டும். டிராயிங் மாஸ்டர் ஆவதற்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் இருந்தால் போதும் என்று பள்ளிக்கூட மானேஜர் என் அறியாமையைத் தீர்த்து வைத்தார்.

உதியன்குளங்கரையில் எங்களுக்கு ஒரு பெரிய மனிதர் இருந்தார். அம்மா வழியில் தூரத்து மாமா. தாசில்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். அரண்மனையில் மகாராஜாக்களின் எண்ணெய்ச் சாயப் படங்களைப் பார்த்ததிலிருந்து தன் வீட்டுச் சுவரில் ஒரு குறை இருப்பதாக அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"எனக்க படம் ஒண்ணு வேணும். ஆளு எதிரே இருக்கதுபோல இருக்கணும். நீ அதைச் செய்யி, கடிதம் நான் தாறேன்" என்றார்.

படம் வரைய வடக்கு வெளிச்சம் வேண்டும். அது நாள் முழுக்க மாறாது. அந்த வீட்டில் வடக்கே பார்த்த ஒரே இடம் அடுக்களைக்குப் பின்னால் தேங்காய் குவித்து வைக்கும் சாய்ப்பு. அங்கேதான் நாற்காலி போட்டோம். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் தோளில் நேரியதுத் துண்டுமாகத் தாசில்தார் மாமா தேங்காய்களின் நடுவே அதிகாரத்தோடு அமர்ந்தார். கால் மணி நேரம் அமர்ந்தார். அதற்குள் நான்கு முறை பொடி போட்டார், ஒரு குத்தகைக்காரனைத் திட்டினார், தும்மினார். நான் கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, தூரிகையால் அவர் முகத்தை அளந்தேன். நான் அடுக்களையைப் பார்த்துக் கண்ணடிப்பதாக அன்று சாயங்காலமே கிணற்றடியில் பேச்சு.

மறுநாள் மாமா வரவில்லை. அவருடைய கோட்டு வந்தது. உள்ளே ராயசம் மாமா இருந்தார்.

ராயசம் என்றால் கச்சேரியில் கடிதம் எழுதும் உத்தியோகம். இவர் தாசில்தாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அண்ணன் எந்தத் தாலுக்காவுக்கு மாற்றலானாலும் எப்படியோ இவரும் பின்னாலேயே மாற்றலாகிவிடுவார். இவர் முதல் எழுத்தான கரடை எழுதித் திருத்தி நல்ல நகலும் எழுதி வைப்பார். அண்ணன் வந்து ஒப்பு என்கிற கையெழுத்தைப் போடுவார். முப்பது வருஷம் தாலுக்கா நிர்வாகம் இப்படித்தான் நடந்தது. பென்ஷனுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. துஷ்டி வீட்டுக்குப் போய் அழுவதும், கோயிலில் விரதம் இருப்பதும் தம்பிதான். வைத்தியர் பேதிக்குக் கொடுத்தால் அதையும் தம்பிதான் குடிப்பார் என்று என் அம்மா சொல்வார்.

நான் ஓடிப்போய்த் தாசில்தார் மாமாவிடம் முறையிட்டேன். நேரில் உள்ளவரைத்தான் வரைய முடியும் என்றேன்.

"எலே, கரடுக்கு அவன் இருக்கட்டு. கடைசியில நான் வந்து மூஞ்சியைக் காட்டுறேன். ஒப்பு நான்தானே போடணும்?" என்றார்.

எனக்குக் கடிதம் வேண்டியிருந்தது. சரி என்றேன்.

ராயசம் மாமா மெலிந்தவர். கோட்டை முதுகில் மடித்து ஊசி குத்தி இறுக்கினோம். நாற்காலியின் விளிம்பில், ஓடத் தயாராக இருப்பவர்போல் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு இருங்க சின்ன மாமா."

"அது எனக்கு வராது மக்கா. இந்தக் கசேரையில நான் இருந்ததே இல்லை."

பதினோரு நாள் உட்கார்ந்தார், சாயவே இல்லை. ஆனால் அவரைப்போல் அசையாமல் உட்கார்ந்தவரை நான் பிறகு பார்த்ததில்லை. முப்பது வருஷம் கச்சேரியில் அண்ணன் முன்னால் அசையாமல் நின்று பழகியவர். தேங்காய் எடுக்க வந்த அத்தை, தாசில்தாரின் மனைவி, தலைப்பாகையைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி நின்றார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "சவம், இவனா!" என்று தேங்காயை எடுத்துக்கொண்டு போனார். ஒருநாள் தாசில்தார் மாமா அந்தப் பக்கம் நடந்தபோது ராயசம் மாமா சட்டென்று எழுந்துவிட்டார். தாசில்தாரின் கோட்டும் தலைப்பாகையும் தாசில்தாருக்கு எழுந்து நின்றன. அன்று தோள்பட்டையின் மடிப்புகளை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

ஏழாம் நாள் கைக்கு வந்தேன். நாற்காலிக் கையின் மேல் அவருடைய வலது கை இருந்தது. நடுவிரலில், நகத்துக்குக் கீழே, முப்பது வருஷம் கட்டைப் பேனா அழுத்திய இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு காய்ப்பு. அதன் வெடிப்புகளில் கழுவினாலும் போகாத மையின் நீலம். அந்த விரல் சற்று வளைந்து, பேனா இல்லாதபோதும் பேனாவைப் பிடித்தபடியே இருந்தது. மூன்று நாள் அந்தக் கையை மட்டும் வரைந்தேன். அந்த மூன்று நாளும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வேலையும் கடிதமும் உப்பு மூட்டையும் மறந்துபோயின. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி எதையும் வரைந்ததில்லை. கேலிக்காக இதைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பயந்துபோனார்.

"இது எனக்க கையில்லா? அண்ணாச்சிக்கக் கையில காய்ப்பு கெடையாதே. அழிச்சிரு மக்கா. உனக்க வேலை போயிரும்."

"உள்ளதை அழிக்கமாட்டேன்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இது யாருக்கக் கைன்னு எவன் கேட்டாலும் சொல்லுவேன், சின்ன மாமா. ராயசம் மாமாவுக்கக் கைன்னு சொல்லுவேன்."

"சொல்லுவியா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலும் பிறகும் படத்தின் அருகே போய் நின்று பார்த்தார். தொடவில்லை. ஈரம் இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தாசில்தார் மாமா வந்து ஒரு மணி நேரம் மூஞ்சியைக் காட்டினார். காட்டியதை வரைந்தேன். உலகத்தையே குத்தகைக்கு விட்ட முகம், உத்தரவு கேட்டு நிற்கும் தோள். எங்கள் தாலுக்கா நிர்வாகம் முழுவதும் அந்த ஒரே கான்வாஸில் அடங்கிவிட்டது.

சாயம் காய்ந்ததும் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். பென்ஷன் வாங்கிய இரண்டு உத்தியோகஸ்தர்களும் அந்தப் பள்ளிக்கூட மானேஜரும் காப்பி குடிக்க வந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். ராயசம் மாமா, துவைத்த வேட்டியில், வாசல்நிலை அருகே நின்றார். எல்லோரும் தலைப்பாகையின் சரிகையைப் புகழ்ந்தார்கள். பிறகு ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"இதென்ன, விரல்ல ஒரு புடைப்பு?"

தாசில்தார் மாமா எழுந்து போய்ப் பார்த்தார். அந்த விரலிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான காகிதங்களில் ஒப்புப் போட்டவர், அந்த விரலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தன் வலது கையைப் பார்த்தார். அது வெண்ணெய்போல் இருந்தது. அதை மெதுவாக நேரியதுக்குள் விட்டுக்கொண்டார்.

"முப்பது வருசம் சர்க்காருக்கு எழுதினதாக்கும்" என்றார். "உறக்கம் இல்லாம எழுதினதாக்கும். அதை யாரு அறிவா? பிள்ளை கண்டுபிடிச்சிட்டான் பாத்தியளா!" கண்ணில் நீர் வந்துவிட்டது. நடிப்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவர் அதை மனமார நம்பினார்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "இது தாசில்தாருக்கக் கை தன்னே, இல்லே?"

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. நான் வாசல்நிலைப் பக்கம் பார்த்தேன். ராயசம் மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். சொல்லாதே என்கிறாரா, சொல் என்கிறாரா என்று தெரியவில்லை என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்று தலையை ஆட்டினேன்.

தாசில்தார் மாமா மனம் குளிர்ந்துபோனார். "எலே, இவனுக்கு ஒரு கடிதம் எழுது. நல்லா எழுது" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். ராயசம் மாமா உள்ளே வந்து, எழுத்துமேசை முன்னால் தரையில் அமர்ந்து எழுதினார். படத்தில் இருந்த கை எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதியது. மேலே படம், கீழே கை. பார்க்கக் கண் இருந்த ஒருவரும் அந்தக் கூடத்தில் இல்லை, என்னைத் தவிர. தாசில்தார் மாமா வழக்கம்போல் படிக்காமலே ஒப்புப் போட்டார். ராயசம் மாமா உறையை அரக்கு வைத்து ஒட்டி என்னிடம் நீட்டினார். "போயிட்டு வா மக்கா" என்றார். வெட்கத்தில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் மானேஜர் உறையைப் பிரித்தார். கடிதம் மலையாளத்தில் இருந்தது. எனக்கும் தெரியட்டும் என்று உரக்கவே படித்தார். இன்னாரின் மகன், இன்ன இடத்தில் பயின்றவன் என்று தொடங்கி, கடைசியில் இப்படி முடிந்திருந்தது: "இவர் கண்டதைக் கண்டபடியே வரைவார். கண்டதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். இரண்டையும் நான் நேரில் கண்டிருக்கிறேன்."

அடியில் தாசில்தாரின் ஒப்பு இருந்தது.

மானேஜர் 'வாய் திறக்கமாட்டார்' என்ற வரியில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"வரைய அறியுன்ன ஆளு எத்தனையோ உண்டு. ஸ்கூலுக்கு வேண்டியது இதாக்கும். திங்களாழ்ச்ச வந்து சேரும்" என்றார்.

போய்ச் சேர்ந்தேன். பென்ஷன் வாங்கும்வரை அங்கேதான் இருந்தேன். அந்தக் கடிதத்தைப் பொய்யாக்கும்படி ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை.