தாத்தா இருந்த மூன்று பக்கங்கள்

ரங்கூனுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தது பர்மாக்காரர்களின் பெயர்தான். இவர்கள் பெயரோடு தகப்பன் பெயர் ஒட்டுவதில்லை. நம் ஊரில் ஒருவன் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "யார் மகன்?" இங்கே அதைக் கேட்டால் நம்மை வினோதமாகப் பார்க்கிறார்கள். சர்க்கார் ஆபீசில் பழைய ஜனக்கணக்கு ஏடுகளைப் பிரதி எடுப்பது என் வேலை. தகப்பன் பெயர்க் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகவே கிடக்கும். அப்படி இருக்க, ஒருநாள் அந்தக் கட்டத்தில் 'சடையன்' என்று கண்டதும் பேனா நின்றுவிட்டது. அய்யாக்கண்ணு, தகப்பன் சடையன், தஞ்சாவூர் ஜில்லா, எங்கள் கிராமம். லான்மடாவ் கூலி லைனில் ஓர் அறையில் முப்பது பேரோடு, மூட்டை தூக்குகிறவர்.

அவர் என் தாத்தா. என் தகப்பனார் தவழும் குழந்தையாக இருந்தபோது கப்பலேறியவர். கடிதமே வரவில்லை. வழியில் காலரா கண்டு கடலில் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டி, ஊரில் கருமாதியும் செய்துவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து எடுத்த அடுத்த கணக்கின் ஏட்டைத் தேடி எடுத்தேன். பெயர் இருந்தது, இருப்பிடத்தில் மட்டும் இரண்டெழுத்துச் சுருக்கம். பக்கத்து மேஜை கோ தெய்னிடம் காட்டினேன். "தௌங்" என்றார். கடைத்தெருவில் ஆயிரத்துக்குச் சொல்லும் வார்த்தை அது. ஆயிரம் பேர் குடியிருந்த பெரிய இடமாக்கும் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துவைத்துக் காட்டினார். சிறைக்கும் இவர்களுக்கு அதே சொல்தானாம்.

மூன்றாம் ஏட்டில் அவர் கெமண்டைன் படகுத்துறையில் குடும்பஸ்தர். மனைவி மா தான், பர்மாக்காரி. மகள் மா ம்யா, ஏழு வயது. எனக்கும் அந்த வருஷம் ஏழு வயது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மா ம்யா அதே வீட்டில்தான் இருந்தாள். தகப்பனும் தாயும் போய்ச் சேர்ந்து தனியாக இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தகப்பனிடம் கற்ற தமிழில் கேட்டாள்.

"அப்ப எனக்கு அண்ணன் இருக்காரா?"

"இருக்கார் அத்தை. என் அப்பா."

"அவரையும் அடிச்சாரா?"

"அப்பாவுக்கு அவர் முகமே ஞாபகமில்லை."

"குடுத்து வெச்சவரு" என்றாள். இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது கேக்காது. சோறு வேகலன்னு ஒரு அறை."

சிறைக்குப் போன கதையைக் கேட்டேன். காய்ச்சலில் கிடந்த கூலி ஒருவனை மேஸ்திரி உதைத்தே கொன்றிருக்கிறான். தாத்தா மூட்டை இழுக்கும் கொக்கியை அந்த மேஸ்திரியின் கழுத்தில் மாட்டி இழுத்துவிட்டார். பத்து வருஷம் உள்ளே. வெளியே வந்து நெடுநாள் கழித்து, மேஸ்திரியின் தம்பி இதே துறையில் வைத்துக் குத்தினான்.

"தலைய மடியில வெச்சிருந்தேன். குடல் வெளிய கெடக்கு. அப்பவும் 'கழுதை, தண்ணி கொண்டாடி'ன்னு திட்டினாரு. கொண்டாந்தேன். அதுக்குள்ள போய்ட்டாரு."

அவள் அழவில்லை. நல்லவரா கெட்டவரா என்று ஊருக்கு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

அப்போது துறையில் கூச்சல் எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். படகுக்கு யார் சுமை ஏற்றுவது என்று தமிழ்க் கூலிகளுக்கும் பர்மாக்காரர்களுக்கும் சண்டை. ஒருவன் மண்டை பிளந்து கிடந்தான். "கலா!" என்று கத்திக்கொண்டு ஒருவன் என் தோளில் கட்டையால் அடித்தான். இந்தியனை ஏசும் சொல் அது. பிறந்ததிலிருந்து யாரையும் அடித்திராத நான் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டேன். அவன் மண்டையைத்தான் குறி பார்த்தேன்.

மா ம்யா நடுவே பாய்ந்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் பர்மியத்தில் கத்தினாள். இந்தப் பக்கம் திரும்பி, "அடிக்காதீங்கடா, பாவிகளா!" என்றாள்.

"போடி பர்மாக்காரி!" என்றான் ஒரு தமிழன். எதிர்ப்பக்கத்திலிருந்து, "கலாமா!" என்றார்கள், இந்தியக்காரி என்று.

எங்கிருந்தோ வந்த கல் அவள் நெற்றியில் பட்டது. மண்டியிட்டு விழுந்தாள். சண்டை சட்டென்று நின்றது. விழுந்தவள் தங்கள் ஆளா, அவர்கள் ஆளா என்று இரண்டு கூட்டமும் பார்த்துக்கொண்டே நின்றன; ஒருவரும் நெருங்கவில்லை. "அத்தை!" என்று ஓடிப்போய் ஒரு கையால் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். மறு கை இன்னும் செங்கல்லை விடவில்லை.